பஞ்சில் வராத ஏழு புள்ளிகள்

ரங்கூனின் கியாக்டடா பகுதியில் நான் வேலை பார்த்த வரைபட அலுவலகத்தில் பழைய வரைபடம் எதை எடுத்தாலும் பூஞ்சை பூத்திருக்கும். ரங்கூன் மழை எதைத்தான் விட்டுவைத்தது? டிரேசிங் தாளை மேலே விரித்து நகல் எடுப்பது எங்கள் வேலை. கோடுகளை எடு, புள்ளியெல்லாம் பூஞ்சை, விட்டுவிடு என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

வடக்கே ஓர் எரிமலை மேட்டுநிலம். அதன் அடியில் கொதிக்கும் நீராவியிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா என்று பார்த்துவர ஒரு குழு கிளம்பியது. ஜீப் ஓட்டப் போனவன் என் அண்ணன். நகரத்து ஓரம் தின்கன்ஜூனில் எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் கரண்ட் இருக்காது. பூமிக்குள்ளிருந்தே ஒயர் இழுத்துக்கொண்டு வருகிறேன் என்று என்னைச் சீண்டினான். கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றிப்போன பழைய வியாபாரப் பாதைதான் அங்கே ஒரே வழி. அந்தப் பாதையின் படத்தை நகல் எடுத்தவள் நான். தங்கச்சி போட்ட ரோடு என்று தேநீர்க்கடை முழுக்கப் பீற்றிவிட்டு, நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

அவன் கிளம்பிய நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, மூலப் படத்தைப் பஞ்சால் துடைத்தேன். பூஞ்சையெல்லாம் பஞ்சோடு வந்துவிட்டது. பாதையின் மேலிருந்த ஏழு புள்ளிகள் மட்டும் வரவில்லை. அவை மையால் வைத்தவை. ஓரத்தில் கறை மறைத்திருந்த இடத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: புள்ளி வைத்த இடங்களில் மண் மெலிது, கீழே ஆவி, விலங்குகளைச் சுற்றி நடத்தவும்.

பூஞ்சை என்று நினைத்து நகலில் நான் விட்டுவிட்ட புள்ளிகள். உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் வேலையோடு அண்ணன் வேலையும் போய்விடும் என்று பயந்தேன். அவன் மண்ணைப் பார்த்து ஓட்டுகிறவன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. வியாழன் காலை ஸயாவிடம், எங்கள் மேலதிகாரியை அப்படித்தான் அழைப்போம், படத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. செய்தி முன்பே வந்திருந்தது.

புதன் மாலை ஜீப்பின் முன்சக்கரம் தரைக்குள் இறங்கியிருக்கிறது. தள்ளுவதற்காகக் குதித்த அண்ணனின் வலது கால் முழங்கால் வரை கொதிசேற்றில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவன் அந்த நகலுக்குச் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு எதிரே மாட்டினான்.

"உன் கோட்டுல ஒரு தப்பும் இல்ல தங்கச்சி. மண்ணுதான் ஏமாத்திருச்சு."

நான் தலையாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம் அவன் அதையே சொன்னான். பல வருஷம் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

ஒரு பிற்பகல் அவன் புதுக் கட்டைக்காலுக்கு அளவு கொடுக்கப் போயிருந்தான். சட்டத்தைக் கழற்றி நகலில் ஏழு புள்ளிகளையும் வைத்தேன். ஓரத்துக் குறிப்பையும் எழுதினேன். அதன் கீழே, செவ்வாய்க்கிழமை பார்த்தேன் என்று எழுதினேன். வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அவன் வந்து கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் படித்தான்.

"செவ்வாயா?"

ஆமாம் என்றேன்.

மறுநாள் படம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகு அவன் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை.