மச்சான் வேவு பார்க்கிறார் முற்றுப்புள்ளி

அச்சகத்தில் அவருக்குக் கமாக்காரர் என்று பெயர். அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை பார்ப்பது தொழில். வாய்விட்டுப் படித்தால்தான் அவர் கண்ணுக்குப் பிழை தெரியும்; அதுவும் கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சேர்த்து. கல்யாணத்துக்கு முன் வருங்கால மனைவியிடம் போனில், “நலமா கேள்விக்குறி” என்று விசாரித்ததாக ஒரு வதந்தி உண்டு. அவர் இன்றுவரை மறுக்கவில்லை.

ஒழுங்காக ஓடிய அந்த வாழ்க்கையில்தான் ஒரு புத்தகம் வந்து விழுந்தது. உலகத்தையே கைக்குள் வைத்திருக்கும் ஒரு கணினி நிறுவனத்தைத் தோலுரிக்கும் புத்தகம். பக்கங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பறக்காமலிருக்கச் செல்போனை மேலே வைத்து, கணீரென்று இரண்டு அத்தியாயங்களை முடித்தார். மூன்றாவது இப்படித் தொடங்கியது: “உங்கள் செல்போன் இப்போதுகூடக் கேட்டுக்கொண்டிருக்கலாம் முற்றுப்புள்ளி.”

கமாக்காரர் படிப்பதை நிறுத்தினார். அதே நிறுவனத்தில்தான் மகள் நேர்காணல் முடித்து, பதிலுக்காகச் சோறு தண்ணி இறங்காமல் காத்திருந்தாள்.

“இதெல்லாம் அவங்க எழுதினது. நான் பிழை மட்டும்தான் பாக்குறேன்” என்று செல்போனைப் பார்த்துப் பணிவாகச் சொன்னார். அது பச்சைப் பிள்ளைபோலப் படுத்திருந்தது.

அதைத் தூக்கி வேறெங்காவது வைக்கலாம். ஆனால் மனைவி வாயால் சொன்னால் பாட்டுப் போடும் டிவி கூடத்தில். மகளின் கணினி அடுத்த அறையில். எதை எங்கே ஒளிப்பது? வேலையை விடவும் முடியாது; வாய் மூடிப் படித்தால் பிழை தப்பிவிடும். எனவே, நிறுவனம் என்று வருமிடமெல்லாம் மச்சான் என்று படிப்பதாக முடிவெடுத்தார்.

“மச்சான் முதலில் இலவசமாகத்தான் நம் வீட்டுக்குள் வந்தார் கமா, இன்று அவரை வெளியேற்ற வழியில்லை முற்றுப்புள்ளி. மச்சானின் பசிக்கு எல்லையே கிடையாது ஆச்சரியக்குறி.”

கரண்டியோடு மனைவி வந்து நின்றாள். “என் தம்பி அப்படி என்னத்தத் தின்னுட்டான் இந்த வீட்ல?”

“உன் தம்பி இல்லம்மா. இது வேற மச்சான்.”

“எனக்குத் தெரியாம எத்தனை மச்சான் இருக்காங்க உங்களுக்கு?”

உதட்டில் விரல் வைத்துச் செல்போனைக் காட்டினார். தம்பிதான் லைனில் இருக்கிறான் என்று புரிந்துகொண்ட அந்த அம்மாள் குனிந்து, “டேய், இந்த மனுஷன் பேசுறத மனசுல வச்சுக்காதடா!” என்று கத்தினாள்.

மறுநாள் காலை செல்போன் தானாகவே ஒரு விளம்பரம் காட்டியது. ‘மைத்துனருடன் சொத்துத் தகராறா? திறமையான வக்கீல்கள் உங்கள் அருகிலேயே.’ கமாக்காரர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். பிறந்ததிலிருந்து வக்கீல் என்ற சொல்லை அவர் எந்தச் செல்போனிலும் தட்டியதில்லை.

மகளுக்கு வேலை கிடைத்தது. மனைவி தெருவையே கூட்டிச் சொன்னாள். கமாக்காரர் மட்டும் மூலையில் உட்கார்ந்து, “எல்லாம் கேட்டுட்டும் ஏன் குடுத்தாங்க?” என்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

வேலையில் சேர்ந்த சில நாளில், ஒரு சாயங்காலம் மகள் அவரைக் குளியலறைக்குள் இழுத்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.

“அப்பா, எனக்கு என்ன வேலை தெரியுமா? ஜனங்க பேசுறதக் கேட்டு, எதப் பத்திப் பேசுறாங்கன்னு குறிக்கணும். பேர் இருக்காது, குரல் மட்டும்தான். இன்னிக்கு ஒருத்தர் பேசினார். ‘மச்சான் வேவு பார்க்கிறார் முற்றுப்புள்ளி’ன்னு.”

கமாக்காரர் குழாயை இன்னும் திருகிவிட்டார். “நீ என்ன குறிச்ச?”

“குடும்பச் சண்டைன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். வேற என்ன பண்ண?”

“என் தங்கமே!” என்றவர் உடனே குரலைத் தாழ்த்தினார். “ஆனா, அதுக்கு முந்தி ரெண்டு அத்தியாயம் மச்சான் இல்லாம படிச்சேனே?”

“அது யார் காதுக்குப் போச்சோ, எனக்குத் தெரியாதுப்பா. என் பக்கத்துல நிறைய பேர் உக்காந்து கேக்குறாங்க.”

வெளியே மனைவி கதவைத் தட்டினாள். “அப்பனும் மகளும் உள்ள என்ன குசுகுசு?”

பதில் சொல்ல இருவரும் வாயைத் திறந்தார்கள். அவள் கையில் செல்போன் இருக்குமோ என்ற நினைப்பு வந்ததும், இருவருமே மூடிக்கொண்டார்கள்.