பட்டாணிக்கு எடுத்த பாலிசி

அலுவலகத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். யார் வைத்ததென்று தெரியாது, ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளெய்ம் பிரிவில் வேலை. ஆஸ்பத்திரிச் செலவைத் திருப்பிக் கேட்டு வரும் காகிதங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார். டாக்டர் சீட்டின் ஏதோ ஒரு மூலையில் 'ஆறு மாதமாக இருமல்' என்று ஒரு வரி அகப்பட்டால் போதும். பாலிசி எடுத்தது நாலு மாதத்துக்கு முன்னால்தானே, அப்படியானால் இது பழைய நோய், பணம் கிடையாது என்று நறுக்கிவிடுவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. கெட்டிக்காரர் என்றுதான் சொன்னார்கள்.

வீட்டில் அவர், மனைவி, அப்புறம் பட்டாணி. பட்டாணி என்பது நாய். குட்டியாக வந்தபோது உருண்டு திரண்டு இருந்ததால் மனைவி வைத்த பெயர். கட்டிலில் பாதியை அடைத்துக்கொள்கிற அளவுக்கு வளர்ந்த பிறகும் பெயரை மாற்ற மனசு வரவில்லை. சாயங்காலம் கீழ்ப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து நாலுகால் பாய்ச்சலில் இறங்கி வரும். அவர் கையிலிருக்கும் சாப்பாட்டுப் பையை வாங்கி வாயில் கவ்விக்கொண்டு, ஏதோ குடும்பத்தையே தான்தான் தாங்குவது மாதிரி முன்னால் ஏறும்.

நாய் பூனைகளுக்கும் பாலிசி என்று நிறுவனம் புதிதாக ஆரம்பித்தபோது, நம்ம பட்டாணிக்கும் ஒன்று எடுக்கலாமே என்று மனைவி கேட்டார். இவர் சிரித்தார். சாப்பாட்டு மேஜையில் தனி ஆளாக ஒரு பட்டிமன்றமே நடத்தினார். ஆபரேஷன் என்று வந்தால் செலவு எகிறிவிடும், அப்போது கைகொடுக்கும், வாஸ்தவம். காசுக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம், அதுவும் வாஸ்தவம். ஆனால் நாய்க்கு வயசு ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். தடுப்பூசிக்குத் தரமாட்டார்கள். முதலில் நாம் கட்டிவிட்டு அப்புறம் அவர்கள் பின்னால் அலைய வேண்டும், அதிலும் ஒரு பங்கு நம் தலையில்தான் விழும். இதுவோ இரும்பு மாதிரி இருக்கிறது. பேசாமல் அந்தப் பணத்தை நாமே தனியாகப் போட்டு வைப்போம் என்று தீர்ப்பையும் அவரே சொன்னார். விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர் சொல்கிறாரே என்று மனைவியும் விட்டுவிட்டார். தனியாகப் போட்டது கொஞ்ச நாளில் வாஷிங் மெஷினாக மாறியது. அதற்கப்புறம் போடுவதே நின்றுபோனது.

பட்டாணிக்கு எட்டு வயசு நடக்கும்போது ஒருநாள் பின்னங்கால் ஒன்றைப் பூப்போல ஊன்றிப் படி இறங்கியது. உட்கார வைத்துத் தடவிப் பார்த்தார். முட்டிக்குக் கீழே, தோலுக்கு அடியில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. வேறு யாராக இருந்தாலும் நாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இவருக்கு மூளை வேறு பக்கம் ஓடியது. இன்றைக்கு டாக்டர் பார்த்தால் இன்றைய தேதி போட்டு எழுதுவார். எழுதிவிட்டால் அது பழைய நோய். எழுதாதவரை நோயே இல்லை. மறுநாளே பாலிசி எடுத்தார். நோய் ஏதுமில்லை என்று கையெழுத்துப் போட்டார். எடுத்த முதல் மாதம் எந்த வியாதிக்கும் பணம் தரமாட்டார்கள் என்பது விதி. அந்த ஒரு மாதத்தை எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும் என்று நினைத்தார்.

மனைவியிடம் சுளுக்கு என்றார். சுளுக்கு இறங்குகிற வழியாக இல்லை. நாய் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுக்க ஆரம்பித்தபோது, மனைவி டாக்டரிடம் ஒரு எட்டு காட்டிவிட்டு வரலாம் என்று பிடிவாதமாக நின்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னார்.

"இப்பக் காட்டினா ஒத்தப் பைசா வராது. கொஞ்சம் பொறுத்துக்கோ."

மனைவி துணியைச் சூடுபண்ணி நாயின் காலுக்கு ஒத்தடம் கொடுக்கப் போனார். அதற்கப்புறம் டாக்டர் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், ஒரு சண்டை போட்டிருக்கலாம் என்று இவருக்கு இருந்தது. பட்டாணி மட்டும் நொண்டிக்கொண்டே தினமும் பை வாங்க இறங்கி வந்தது. அவர் பையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஏறுவார்.

மாதம் முடிந்த மறுநாள் காலையில் கிளினிக் கதவு திறக்கும் முன்பே போய் நின்றார்கள். டாக்டர் இளவயதுப் பெண். இரும்பு மேஜையைத் துடைத்து நாயை ஏற்றி, காலை மேலிருந்து கீழாக நிதானமாகத் தடவினார். படம் எடுத்துப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நாலு நாளாக என்று இவர் சொன்னார். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

டாக்டர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டி எலும்பைப் பிடித்துவிட்டது, இனி காலைக் காப்பாற்ற முடியாது என்றார். மெதுவாக வளர்ந்த கட்டி என்றால் காலை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். நாலே நாளில் இவ்வளவு வளர்ந்தது என்றால் கதை வேறு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாலு நாள்தானா?"

"நாலு நாள்தான் டாக்டர்" என்று மனைவி சொன்னார்.

கடையில் சில்லறை கூடுதலாக வந்துவிட்டால் வெயிலில் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர் மனைவி. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்.

"அப்படின்னா ரொம்ப வேகமாப் பரவுற ஜாதி. காலை எடுத்துக் கஷ்டப்படுத்துறதுல பிரயோஜனம் இல்ல. வலி தெரியாமத் தூங்க வச்சிடறதுதான் நல்லது."

பட்டாணி மேஜையிலிருந்து எட்டி டாக்டரின் கையை நக்கியது. புது ஆள் யாரைப் பார்த்தாலும் அதற்கு அதுதான் வழக்கம்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு டாக்டர்" என்றார் இவர். "கட்டியை அன்னிக்கே பாத்தேன். கோலிக்குண்டு அளவுதான் இருந்துச்சு."

ஏன் அப்போதே வரவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, தான் எங்கே வேலை பார்க்கிறேன், எதற்காகக் காத்திருந்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. அன்றைக்கே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுச் சீட்டை எடுத்தார். 'ஒரு மாதத்துக்கு மேலாக' என்று அவர் எழுதுவதை இவர் தலைகீழாகவே படித்தார். அடுத்தவர் சீட்டுகளில் இந்த மாதிரி வரியைத் தேடித்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறார். மனைவி நாயின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமலே அழுதார்.

காலை எடுத்தார்கள். பட்டாணி பிழைத்துக்கொண்டது. அவர் கிளெய்ம் கேட்கவில்லை, செலவுக்கு அலுவலகத்தில் கடன் போட்டார். வேலை அதே வேலைதான். அந்த மாதிரி வரி வந்தால் இப்போதும் நறுக்கத்தான் வேண்டும், விதி அப்படி. ஆனால் அந்த ஆள் ஏன் அத்தனை மாதம் இருமிக்கொண்டு வீட்டில் இருந்தான் என்று யோசிக்காமல் அவரால் நறுக்க முடிவதில்லை. யாராவது "கத்திரி" என்று கூப்பிட்டால் முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு திரும்புவார். இப்போது அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அந்த இரும்பு மேஜைதான் ஞாபகம் வருகிறது.

போன வாரம் கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கையில் ஒரு நாய்க்குட்டியோடு இவரைப் படியடியில் மடக்கினார். இதற்குப் பாலிசி எடுக்கலாமா, இல்லை அதெல்லாம் தண்டச் செலவா, உங்களுக்குத்தான் தெரியுமாமே என்றார். பழைய பட்டிமன்றம் வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"எடுங்க. உடம்பு நல்லா இருக்கும்போதே எடுத்திடுங்க. கட்டின பணம் வீணாப் போச்சுன்னா சந்தோஷப்படுங்க."

அதற்குள் மேலிருந்து தத்தித் தத்தி பட்டாணி இறங்கி வந்து பையைக் கவ்வியது. கீழ்வீட்டுக்காரர் ஐயோ பாவம் என்று குனிந்தார்.

"காலுக்கு என்னாச்சு, வண்டியில அடிபட்டுடுச்சா?"

"இல்லைங்க. நான் ஒரு மாசம் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

பையின் கனத்தில் நாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் கையை நீட்டிப் பையை வாங்கப் பார்த்தார். பட்டாணி விடவில்லை. பல்லால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போல அவருக்கு முன்னால் படி ஏறியது.