ஐசல்கினின் நாலு ஓட்டைத் தொட்டி

எங்கள் கராகோல் ஊரின் பொதுக் குளியல்கூடம் வியாழக்கிழமைகளில் பெண்களுக்கு மட்டும். ஆண் வாடையே உள்ளே வரக்கூடாது. ஐசல்கின் எஜே என்று நாங்கள் கூப்பிடும் அக்கா குழாய் வேலைக்கு வந்தது இந்த ஒரு விதியால்தான்.

அப்போது அவர் குளியல்கூட வாசலில் உட்கார்ந்து, உடம்பில் அடித்துக் குளிக்கும் பிர்ச் இலைக்கட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை வெந்நீர்க் குழாய் மூட்டோடு பிய்த்துக்கொண்டது. உள்ளே தலையெல்லாம் சோப்போடு பெண்கள். கதவுக்கு வெளியே ஸ்பேனரும் கையுமாகப் பழுதுபார்ப்பவர்.

"ஓரமா நில்லுங்க, கண்ணை மூடிக்கிட்டு வர்றேன்" என்றார் அவர்.

"கண்ணை மூடிக்கிட்டு எதைப் பிடிச்சுத் திருகுவே?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் மனிதர் பின்வாங்கிவிட்டார்.

ஐசல்கின் எஜே இலைக்கட்டை வைத்துவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அந்த மனிதர் கதவிடுக்கில் வாயை வைத்துச் சொல்லச் சொல்ல, இவர் நீராவிக்குள் நின்று திருகினார். முழங்கையில் வெந்த தழும்பு இன்றும் இருக்கிறது. பிறகு அந்த மனிதர் ருஷ்யாவுக்கு வேலை தேடிப் போனபோது, அவர் இடத்துக்கு வேறு ஆள் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

என் பெயர் ஜூரா. ஏரிக்குப் போகிற சாலையில் தெமிர்குல் பைகேயின் உணவகத்தில் சமையல்காரி. அக்காவை எஜே என்றும் அண்ணனைப் பைகே என்றும்தான் எங்கள் வாயில் வரும்.

எஜேவுக்கு மீன் பைத்தியம் பிடித்தது குளியல்கூடத்தின் கொதிகலன் அறையில். வெளியே எச்சில் துப்பினால் உறையும் பனிக்காலத்திலும் அந்த அறை கதகதப்பாக இருக்கும். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு பள்ளி ஆசிரியை, ஊறுகாய் ஜாடியில் கொஞ்சம் கப்பி மீன்களைப் போட்டு அங்கே வைத்துவிட்டுப் போனார். குட்டிக்குமேல் குட்டி போட்டு அவை பெருக, சுவரை ஒட்டி வரிசையாகத் தொட்டிகள் வந்துவிட்டன. குளித்துவிட்டு வருகிறவர்கள் தலை காய்கிறவரை அங்கே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எஜேயின் கணவர் லாரி ஓட்டுகிறார். "வீட்ல எனக்கு வெச்ச சூப்பு ஆறிப்போய்க் கெடக்குது. அங்க மீனுக்குத் தண்ணி ஆறக்கூடாதாம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். ஆனால் வெளியூரிலிருந்து தொட்டிக்குக் கண்ணாடி ஏற்றி வருகிறவரும் அவர்தான்.

தெமிர்குல் பைகே எதையும் பெரிதாகவே செய்கிறவர். அல்மாத்தியில் மூடப்போகிற ஒரு நகைக்கடையிலிருந்து மீன்தொட்டி ஒன்றை வாங்கி வந்தார். என் சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது அது. அதன் அடிக்கண்ணாடியில் இரண்டு ஓட்டை, பின்கண்ணாடியில் உச்சிக்குச் சற்றுக் கீழே இரண்டு ஓட்டை.

தூக்கி வந்தவர்கள் சிரித்தார்கள். "வித்தவன் கெட்டிக்காரன், பைகே. இதுல தண்ணிய ஊத்தி வைக்கறதும் சல்லடையில பால் வாங்கறதும் ஒண்ணுதான்."

பைகேவுக்கு முகம் சிவந்துவிட்டது. எஜேயை வரவழைத்தார். அவர் வந்து ஓட்டையின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இது உடைஞ்ச ஓட்டை இல்ல, வேணும்னே போட்டது. சாதாரணத் தொட்டியில வடிகட்டிக்குப் போற குழாய மேல விளிம்புல தொங்கவிடணும், பாக்க அசிங்கமா இருக்கும். இதுல கண்ணாடியிலயே கோத்துடலாம். குழாய் இருக்கறதே வெளிய தெரியாது."

"உங்களால முடியுமா, எஜே?"

"குளியல்கூடத்துல ஒரு மூட்டு ஒழுகிப் பாத்திருக்கீங்களா?"

பெருமையாகத்தான் சொன்னார். சொல்ல உரிமையும் இருந்தது.

பைகே இரண்டு கேனிஸ்டர் வடிகட்டிகளை வாங்கினார். மூடி போட்ட வாளி மாதிரி இருக்கும். உள்ளே பஞ்சும் பீங்கான் வளையங்களும், தலையில் ஒரு மோட்டார். தொட்டிக்கடியில் அலமாரிக்குள் நிற்கும். அழுக்குத் தண்ணீர் அடி ஓட்டைகள் வழியாக இறங்கி வரும், சுத்தமாகி மேல் ஓட்டைகள் வழியாகத் திரும்ப ஏறும். எஜே ஓட்டைகளில் ரப்பர் வாஷர் வைத்து, குழாயைக் கண்ணாடியோடு இறுக்கிப் பிடிக்கும் டேங்க் நிப்பிள்களைப் பொருத்தினார். அடியிலிருந்த இரண்டு ஓட்டைகளையும் ஒரே குழாயில் சேர்த்து, அந்தக் குழாயிலிருந்து இரண்டு வடிகட்டிகளுக்கும் ஓஸ் என்கிற வளையும் ரப்பர் குழாய்களைப் பிரித்தார். வால்வை, கைக்கு எட்டட்டும் என்று வடிகட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். கொதிகலனுக்கு அப்படித்தான் செய்வார்களாம். தண்ணீரைத் தாழ்ந்த இடத்தில் எடு, குழாயை ஒன்றாகச் சேர், வால்வை இயந்திரத்தின் அருகில் வை.

ஆஸ்கார் மீன்கள் வந்தன. உள்ளங்கை அகலம், கரி நிறத்தில் நெருப்புத் தீற்றல். கை காட்டினால் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். சாப்பிட வந்தவர்கள் லக்மான் நூடுல்ஸ் ஆறிப்போவது தெரியாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஒரு குழந்தைக்குக் கால்கயிறு அறுக்கிற விருந்து. நடை பழகும் குழந்தையின் காலில் கயிறு கட்டி, ஓடி ஜெயித்தவர் வந்து அதை அறுப்பார். எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் லக்மானுக்கு மாவு இழுத்துக்கொண்டிருந்தேன். அலமாரிக்குள் 'தொப்'பென்று ஒரு சத்தம். அப்புறம் வாளியைக் கவிழ்த்த மாதிரி தண்ணீர்.

வடிகட்டிக்குப் போகும் ஓஸின் கிளிப் நழுவி, வால்வுக்கு மேலேயே ஓஸ் கழன்றிருந்தது. வால்வை மூடிப் பயனில்லை, தண்ணீர் அதுவரை வரவே இல்லை. பைகே மோட்டார்களை நிறுத்தினார். தண்ணீரா நிற்கும்? நான் முக்காலி மேல் ஏறி, கையிலிருந்த மாவு உருண்டையைத் தொட்டிக்குள் அமுக்கி ஓட்டையை அடைத்தேன். நிற்கவில்லை. இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்திருந்ததால் இன்னொரு ஓட்டை வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. "மாவு, இன்னும் மாவு" என்று கத்தினேன். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாவதையும் அடைத்தபோது உள்ளே ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம். மீன்கள் சாய்ந்து படுத்து வாயைத் திறந்து திறந்து மூடின. கூடத்தில் விருந்தாளிகள் நனைந்த காலுறையோடு சுவரோரம் நின்றார்கள். காலில் கயிறோடு குழந்தை மட்டும் கம்பளத்தில் உட்கார்ந்து தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டிருந்தது.

எஜே வந்து சேர்ந்ததும் பைகே பிடித்துக்கொண்டார்.

"வாங்க எஜே, வாங்க. நாங்க குளியல்கூடத்துக்கு வர்றது போதாதுன்னு, அதையே இங்க கொண்டாந்துட்டீங்க."

விருந்துக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளிப் மட்டம், ஓஸ் மட்டம் என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நானே கிளிப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எஜே அலமாரிக்குள் குனிந்து நெடுநேரம் பார்த்தார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"தப்பு என்னோடது, பைகே. கிளிப்புன்னா ஒருநாள் கழலத்தான் செய்யும். கழண்டா தண்ணி எங்க போகும்னு நான் யோசிக்கல. முதல்ல மீனக் காப்பாத்துவோம். அப்புறம் திட்டுங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

பால் கேன்களில் மீன்களை எடுத்துக்கொண்டு குளியல்கூடத்துக்குப் போனோம். அன்று வியாழக்கிழமை. சோப்புத் தண்ணீர் பட்டால் மீன் செத்துவிடும், அதனால் கூடத்துத் தொட்டிகள் எதற்கும் உதவாது. கொதிகலன் அறையில் தண்ணீர் தெளியவிடும் பெரிய தொட்டி ஒன்று இருந்தது. அதற்குப் போக வழி குளிக்கிற கூடத்தின் நடுவே. பைகே வாசலோடு நின்றுவிட, துண்டு கட்டிய பெண்களுக்கிடையே எஜேயும் நானும் கேன்களைத் தூக்கிக்கொண்டு போனோம்.

"உள்ள ஆம்பள மீன் ஏதாவது இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இருந்தா கண்ணை மூடச் சொல்லு" என்றாள் இன்னொருத்தி.

மூச்சு வாங்கிய எஜே அந்தக் கஷ்டத்திலும் சிரித்துவிட்டார். மீனை விட்ட கையோடு வடிகட்டிகளையும் கொண்டுவந்து அந்தத் தொட்டியிலேயே ஓடவிட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"மீனோட அழுக்கத் திங்கற கிருமி இந்தப் பஞ்சுலதான் குடியிருக்குது, ஜூரா. ஓடற தண்ணி நின்னா அது மூச்சு முட்டிச் செத்துரும். அது செத்தா நாளைக்கு மீனும் இல்ல."

ஒரு மீனும் சாகவில்லை. ஆனால் எஜே சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் கணவர் வந்து சொன்னார். அந்த வாரம் அந்த மனிதரும் ஊரில் சூப்புக் கேலி பேசித் திரியவில்லை.

நான் போர்சோக் என்கிற மாவுப் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு கொதிகலன் அறைக்குப் போனபோது, எஜே ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் ஓட்டை போட்டு, தண்ணீரை நிரப்புவதும் ஓஸை உருவுவதுமாக இருந்தார். பாவாடை முழங்கால்வரை ஈரம்.

"அடி ஓட்டை ரெண்டும் தொட்டியையே குடிச்சிருச்சு. பின்கண்ணாடியில மேல இருந்த ஓட்டையால ஒரு அளவுக்குக் கீழ ஒரு சொட்டுக்கூடப் போகல. ஏன்?" என்று கேட்டார்.

"மேல இருக்கு. தண்ணி அதுக்குக் கீழ இறங்கிட்டா எப்படிப் போகும்?"

"அவ்வளவுதான். அடி ஓட்டைய நகத்த முடியாது. ஆனா அதோட வாய மேல கொண்டுபோகலாம்."

பீப்பாயின் அடி ஓட்டையிலிருந்து உள்ளேயே ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தினார். அதன் வாய், தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் கீழே. தண்ணீர் அந்த வாய் வழியாக மட்டுமே வெளியேறும். ஆனால் அப்படியே விட்டால் மேல்தண்ணீரை மட்டும்தான் இழுக்கும், அடியில் அழுக்கு தங்கிவிடும். அதற்காக அந்தக் குழாயின் மேல் இன்னொரு பெரிய குழாயைத் தொப்பி போல் கவிழ்க்காமல், மேலும் கீழும் திறந்த, தண்ணீருக்கு மேலே நீட்டிய உறையாக மாட்டினார். மேலே மூடினால் காற்று புகாமல் அடிவரை உறிஞ்சிவிடுமாம். உறையின் அடியில் வெட்டுகள். தண்ணீர் அடியிலிருந்து அழுக்கோடு உறைக்குள் நுழைந்து, மேலேறி, உள்குழாயில் விழும். பீப்பாயில் ஓஸை உருவிக் காட்டினார். நாலு விரல் இறங்கியது, நின்றுவிட்டது. அதைப் பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பார்.

பைகேயைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "என் கம்பளம் இன்னும் காயல" என்றார். கடைசியில் அவர் அரைமனதாகத் தலையாட்டியதும் எஜே பழைய இணைப்பு முழுவதையும் கழற்றினார். இந்த முறை ஒவ்வொரு வடிகட்டிக்கும் தனி வழி. ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடட்டும். வால்வுகள் கண்ணாடிக்கு நேர் கீழே, அதற்கடுத்து யூனியன் என்கிற திருகு மூட்டு, வடிகட்டியைத் தனியாகக் கழற்றி எடுக்க. ஒவ்வொரு ஓஸுக்கும் இரட்டைக் கிளிப்.

தண்ணீர் நிரப்பி, ஒரு வடிகட்டியோடு இரண்டு நாள் ஓடவிட்டு, மீன்களையும் அவற்றோடு விட்டிருந்த மற்ற வடிகட்டியையும் கொண்டுவந்தார். உணவகம் நிறையச் சாப்பாட்டுக்காரர்கள். எஜே அலமாரிக்குள் ஓஸுக்கு அடியில் ஒரு துணி துவைக்கும் தொட்டியை வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"பைகே, வாங்க. இந்த ஓஸ உருவுங்க."

"நானா?"

"நான் உருவுனா ஏதோ வித்தை காட்டுறேம்பீங்க. நீங்க உருவுங்க. வால்வத் தொடாதீங்க."

பைகே கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைக்கச் சொன்னார். பிறகு மண்டியிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உருவினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் மட்டம் இறங்குவதை எல்லோரும் பார்த்தோம். ஒரு விரல், இரண்டு விரல். யாரும் மெல்லவில்லை. நாலாவது விரலில் சீற்றம் மெலிந்து, சொட்டி, நின்றது. துவைக்கும் தொட்டி நிரம்பக்கூட இல்லை. மீன்கள் கண்ணாடிக்கு அருகே வந்து, மண்டியிட்டிருந்தவரை ஏதாவது தருவாரா என்று பார்த்தன.

பைகே உருவிய ஓஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். "இன்னொண்ணையும் உருவட்டுமா?" என்றார்.

"உருவுங்க" என்றார் எஜே.

அதற்கப்புறம் பைகேவுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. பெரிய விருந்தாளி யாராவது வந்தால், மறுபடி நிரப்ப வேண்டிய ஆள் நான் என்பதை மறந்து ஓஸை உருவிக் காட்டிவிடுவார். தண்ணீர் வற்றினால் குழாய் வாய் காற்றை இழுக்கும், வடிகட்டி நின்றுபோகும் என்று எஜே சொல்லியிருந்ததால், தினமும் வற்றிய அளவைக் குவளையால் ஊற்றிச் சரிசெய்வது மட்டும் அவரே.

எஜேவுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் தெமிர்குல் பைகேயின் உணவகத்தில் தன்னால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார் என்று கேள்வி. "அத ஏன் எஜே சொல்றீங்க? யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டேன். "சொன்னாத்தான் நான் ஏன் ஓஸ உருவச் சொல்றேன்னு அவங்களுக்குப் புரியும்" என்றார். குளியல்கூட வேலையை அவர் விடவில்லை. வியாழக்கிழமை எங்கே கூப்பிட்டாலும் போவதும் இல்லை.

போன வசந்தத்தில் ஆஸ்கார்கள் ஒரு தட்டைக் கல்லில் முட்டையிட்டன. அன்றைக்குக் கல்யாணக் கோஷ்டி ஒன்று பாட்டுப் பெட்டியோடு வந்திறங்க, "சத்தம் கூடாது, உள்ள பிரசவம்" என்று பைகே வாசலில் மறித்துக்கொண்டு நின்றார். பெண்வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையே வந்து பார்த்து, முற்றத்திலேயே ஆடலாம் என்று சொல்லிவிட்டான்.

எஜேயும் கணவரும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சாப்பிட வருகிறார்கள். எப்போதும் தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் எஜே உட்காருவார். ஊரே அதைப் பார்க்க வருகிறது, நீங்கள் மட்டும் ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாத்தா கை சும்மா இருக்காது, ஜூரா. பசிக்குது, லக்மான் போடு" என்றார்.