குறையக் கூடாத எண்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். இப்போது செய்யவில்லை. அதில் எனக்குப் பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து துணைப் பதிவாளராக வெளியே வந்தவன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். எல்லாவற்றிலும் நாற்காலிகள் ஒரே மாதிரிதான். முப்பத்து நான்கு வருடம் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போயின. எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எந்தக் கையெழுத்துக்கு முன்னால் எந்தக் கையெழுத்து, துறைத் தலைவர் விடுப்பில் இருந்தால் யாருடைய முத்திரை செல்லும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் கேட்கவில்லை. ஆட்டையாம்பட்டியில் வீட்டைக் கட்டி, மாடியை வாடகைக்கு விட்டு, செய்தித்தாளில் வரும் அரசாணைச் செய்திகளில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

மாடிக்கு வந்தவளுக்கு முப்பது தாண்டியிருக்கும். கணவன் திருச்செங்கோட்டுக்காரன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே போனால் திரும்பி வர ஐந்தாறு மாதமாகும். அவள் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே தேசிய அளவிலான தேர்வை எழுதி, ஐந்து வருட உதவித்தொகை பெற்று, வேலையை விட்டுவிட்டு நான் இருந்த பல்கலைக்கழகத்திலேயே முழுநேர ஆய்வுக்கு வந்தவள். என் மனைவிக்கு ஆரம்பத்தில் ஒரே கவலை.

"ஏனுங்க, அந்தப் பொண்ணு லீவு நாள்ல பூராம் ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க. ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஆராய்ச்சி பண்ணுது."

"ஜன்னலையா?"

கணிதக்காரர்களோடு எங்கள் பிரிவுக்கும் இதே சிக்கல்தான். உதவித்தொகைப் படிவங்கள் வேதியியல்காரர்களை மனத்தில் வைத்து அச்சிடப்பட்டவை. வேதிப்பொருள், கருவி, களப்பயணம் என்று கட்டங்கள் இருக்கும். கணிதக்காரர்களுக்கு அவற்றில் எழுத ஒன்றும் இருக்காது. எழுத ஒன்றுமில்லாதவருக்கு எதற்கு உதவி என்று தணிக்கையாளர் கேட்பார். ஒருமுறை ஒரு மாணவர் வாங்கிய கரும்பலகையை நான் 'கருவி' என்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன். சாக்கட்டியை நுகர்பொருளில் சேர்த்தேன். ஆய்வகம் எங்கே என்று கேட்ட தணிக்கையாளரை அழைத்துப் போய், பலகை மாட்டியிருந்த சுவரைக் காட்டினேன். திருப்தியாகக் கையெழுத்திட்டுப் போனார்.

அதே சாமர்த்தியத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். அரையாண்டு முன்னேற்ற அறிக்கையில் ஆய்வு எத்தனை விழுக்காடு முடிந்திருக்கிறது என்று ஒரு கட்டம் உண்டு. யாரோ ஒரு மாணவர் ஒரு அறிக்கையில் நாற்பது என்றும் அடுத்ததில் முப்பத்தைந்து என்றும் எழுதியிருந்தார். ஏன் குறைந்தது என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் கோப்பில் குறிப்பு எழுதினேன்: 'எந்த அறிக்கையிலும் காட்டப்படும் விழுக்காடு, முந்தைய அறிக்கையில் காட்டியதைவிடக் குறையலாகாது.' பதிவாளர் என் நடையைப் பாராட்டினார். பிறகு எல்லாம் கணினிக்கு மாறியபோது அந்த வரியும் மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் வருடத்தில் ஒரு காலை, அவள் மடிக்கணினியைத் திறந்தபடியே படியிறங்கி வந்தாள்.

"சார், ஒரு கட்டத்துல நின்னுபோச்சுங்க. நம்பர உள்ள வாங்க மாட்டேங்குது."

பார்த்தேன். இருபது என்று போட்டிருந்தாள். கீழே சிவப்பு எழுத்தில் என்னுடைய வாக்கியம், ஆங்கிலத்தில்.

"போன தடவ நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கியே அம்மணி."

"அப்ப நாப்பத்தஞ்சுங்க. இப்ப இருவதுதான் இருக்குது."

"மிச்சம் எங்க போச்சு?"

"தப்பாப் போச்சுங்க. ஒரு முடிவு எல்லாத்துக்கும் பொருந்தும்னு நிரூபிச்சு எழுதியிருந்தேன். அத வெச்சுத்தான் ரெண்டு அத்தியாயம் கட்டுனேன். போன வாரம் ஒரு உதாரணம் ஆப்புட்டுதுங்க. அதுக்குப் பொருந்தல."

"ஒண்ணுக்குத்தானே?"

"ஒண்ணு போதுமுங்க."

"அது மட்டும் நீங்கலாகன்னு ஒரு அடிக்குறிப்பு போட்டுட்டா?"

சிரித்துவிட்டாள். அலுவலகத்தில் அப்படிப் போட்டுப் பல காரியங்களை நான் நடத்தியிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தத் தவறை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. வழிகாட்டி படித்தார், குழு படித்தது, மூன்று பேர் 'திருப்தி' என்று எழுதினார்கள். அவளே கண்டுபிடித்தாள். ஒன்றரை வருட உழைப்பைத் தன் கையாலேயே இடித்துவிட்டு வந்தவள் முகத்தில் துக்கம் இல்லை. ஒருவிதப் பரபரப்பு இருந்தது. அது எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும்.

"அம்பதுன்னு போடு. ஆறு மாசத்துல சரி பண்ணிக்கலாம்."

"கைடு சாரும் அதத்தான் சொன்னாருங்க. அம்பதுன்னு போட்டா என்னென்ன முடிஞ்சுதுன்னு கீழ பட்டியல் கேக்குதுங்க. அதுல இந்த முடிவத்தான் எழுதோணும். பொய்யின்னு தெரிஞ்சத நிரூபிச்சுட்டேன்னு எப்படிங்க எழுதறது?"

"அதையெல்லாம் யாரு படிக்கப் போறாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்க. நான் எழுதோணுமல்லங்க."

இந்த இடத்தில் நான் எழுந்து காபி குடிக்கப் போயிருக்க வேண்டும். ஆனால் பூட்டைச் செய்தவன் நான். திறக்கும் வழியும் எனக்குத்தான் தெரியும் என்ற இறுமாப்பு. என் காலத்தில் கொடுத்த அறிக்கையைத் திரும்பப் பெற ஒரு விதி இருந்தது. திரும்பப் பெற்றால் நாற்பத்தைந்து மறைந்துவிடும். அதற்கு முந்தைய அறிக்கையில் பதினைந்து. இருபது அதைவிடக் கூடுதல். மென்பொருள் வாயை மூடிக்கொள்ளும். பொய்யும் இல்லை, விதிமீறலும் இல்லை. அன்று மதியமே கடிதத்தை எழுதினேன். மூன்று பத்தி. விதி எண், உட்பிரிவு, தவறு அறியப்பட்ட விதம், எல்லாம் அதில் இருந்தன.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அவள் கேட்டாள்: "இதனால உதவித்தொகைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே சார்?"

"ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்."

அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். ரிக் ஓடினால்தான் கணவனுக்குக் கூலி; மழைக்காலத்தில் வண்டி நின்றுவிடும். ஆனால் அது மட்டுமில்லை. உதவித்தொகை வந்துகொண்டிருக்கும்வரை, திருச்செங்கோட்டில் அவள் செய்வதற்கு வேலை என்று பெயர். நின்றால் அது வெறும் படிப்பு. முப்பது தாண்டிய மருமகள் படித்துக்கொண்டிருப்பதை அங்கே யாரும் நெடுநாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த மாதம் உதவித்தொகை வரவில்லை. தாமதம் சகஜம் என்றேன். அடுத்த மாதமும் வராதபோது இருவரும் பேருந்து ஏறிப் போனோம். பிரிவில் இப்போது கண்காணிப்பாளராக இருப்பவர் ஆத்தூர்க்காரர். என்னிடம் வேலை பழகியவர்.

"வாங்க சார், வாங்க! உக்காருங்க. கடிதத்தப் பாத்ததுமே சொன்னேன், இது சார் டிராஃப்ட்டுன்னு. ஒரு கமாவ நகத்த முடியல."

"அப்புறம் ஏன் நிக்குது?"

அவர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் அப்படிச் செய்யும்படி நான்தான் பழக்கியிருக்க வேண்டும்.

"நீங்க போனப்புறம் ஒருத்தன் அடுத்தவன் ஆய்வை அப்படியே எடுத்துப் போட்டுட்டு, மாட்டினதும் அறிக்கைய வாபஸ் வாங்கிட்டான் சார். அதுலேர்ந்து யார் வாபஸ் வாங்கினாலும் நேர்மைக் குழு விசாரிக்கணும். விசாரணை முடியற வரைக்கும் உதவித்தொகைய நிறுத்திடணும்."

"குழு எப்ப கூடும்?"

"மூணு பேர் சார். ஒருத்தர் ரிட்டயர் ஆயிட்டாரு. புது ஆள் போட துணைவேந்தர் கையெழுத்து வேணும். துணைவேந்தர் பதவியே காலியாத்தான் கெடக்கு."

"அது வரைக்கும் அஞ்சு வருஷக் கணக்கு நிக்குமா?"

"அது எப்படி சார் நிக்கும்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். அம்பதுன்னு போட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"அது பொய்யாச்சே."

"நாப்பத்தஞ்சு மட்டும் நெஜமா சார்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: "எழுதறப்ப நெசம்னுதாங்க நெனச்சேன்."

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதத்தாம்மா குழு விசாரிக்கும்."

அதன் பிறகு ஏழு மாதம். நான் நினைவூட்டல் கடிதங்கள் எழுதினேன். எல்லாவற்றுக்கும் பதிவு எண் கொடுத்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். குழு கூடும் தேதி, குழு கூடியபின் தெரிவிக்கப்படும் என்று பதில் வந்தது. அதை எழுதியவரின் நடை நன்றாக இருந்தது. உதவித்தொகை நின்றாலும் வருகைப் பதிவேட்டில் அவள் தினமும் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் அது தனிக் குற்றம். ஆகவே தினமும் பேருந்தில் போனாள். வாடகையைப் பற்றி நான் பேசவில்லை, அவளும் பேசவில்லை. படிக்கட்டில் எதிர்ப்படாமல் இருக்க இருவரும் பழகிக்கொண்டோம். மனைவி மட்டும், "சாப்ட்டியா சாமி?" என்று கேட்டு ஏதாவது கொடுத்தனுப்புவாள்.

மழைக்கு வண்டி நின்றதும் கணவன் வந்தான். ஒரு மாலை என் எதிரில் வந்து உட்கார்ந்தான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏனுங்க சார், எனக்கு ஒண்ணு வெளங்கலீங்க. நாங்க ஒருத்தரு காட்டுல ஆயிரம் அடி போடறோம். தண்ணி வந்தாலும் வராட்டியும் அடிக்கு இவ்வளவுன்னு கூலி உண்டுங்க. வெறும் புழுதி பறந்தாக்கூட, இங்க தண்ணி இல்லீன்னு தெரிஞ்சுபோச்சல்லங்க? அதுக்குத்தான காசு. இவ இங்க தண்ணி இல்லீன்னு கண்டுபுடிச்சிருக்குறா. அதுக்கு எதுக்குங்க திருடியாட்ட நிக்க வெக்கறாங்க?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

"படிவம் போட்டது ஆருங்க?"

நான் சொல்லவில்லை. அவனும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "உங்க ஆபீசுல ஒரு ரிக்குக்காரன உக்கார வெய்யுங்க சார், சரியாப்போகும்" என்று சிரித்துவிட்டு மாடிக்குப் போனான்.

அந்த முடிவை வேறு வழியில் சரிசெய்ய முடியும் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது. இன்னும் ஆறு மாதம் இருந்தால் தெரிந்துவிடும் என்றாள் ஒருநாள். முடியும் என்று அவள் சொல்லவில்லை. தெரிந்துவிடும் என்றுதான் சொன்னாள்.

தை மாதத்தில் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் வேலை கிடைத்தது. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளி. காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. அசல் சான்றிதழ்களைப் பள்ளியில் ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டு வருடம் கழித்துத்தான் திருப்பித் தருவார்கள். முழுநேர ஆய்வாளர் வேலையில் சேரக் கூடாது. சேர்வதென்றால் உதவித்தொகையிலிருந்து விலகி, பதிவையும் ரத்து செய்ய வேண்டும். வராத உதவித்தொகையிலிருந்து விலகுவதற்கும் படிவம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தப்பில்லாம நெரப்பிக் குடுங்க சார். திரும்பத் திரும்ப அலைய முடியாதுங்க."

நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் வேலை, திருமணம், உடல்நலம், பிற என்று நான்கு இருந்தன. வேலை என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள். வழிகாட்டி ஐந்து நிமிடத்தில் கையெழுத்திட்டார். பல்கலைக்கழகம் அன்று மாலைக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டது. என் முப்பத்து நான்கு வருடத்தில் அத்தனை விரைவாக ஒரு கோப்பு நகர்ந்து நான் பார்த்ததில்லை.

"இனிக் குழு கூடுனா எனக்குத் தகவல் வருமுங்களா?"

"வராது அம்மணி. ஆள் விலகியாச்சுன்னா விசாரிக்க ஒண்ணுமில்ல. கோப்ப மூடிருவாங்க."

"நான் திருடலீன்னு ஆரும் எழுத மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

பிறகு கேட்டாள்: "ரெண்டு வருஷம் கழிச்சு வேற எங்கியாச்சும் போட்டுப் பாக்கலாமுங்களா? வேற பல்கலைக்கழகம்?"

போடலாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு எல்லாம் தெரியும். "போடலாம். ஆனா உங்க மேல எப்பவாச்சும் நேர்மை விசாரணை இருந்துதான்னு விண்ணப்பத்துல கேப்பாங்க. முடிவு என்னன்னு கேக்க மாட்டாங்க. ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணுதான்."

"ஆம்னு போட்டா?"

"ஆம்னு போட்டவங்க விண்ணப்பம் நேர்காணல் வரைக்கும் வந்த கதைய நான் பாத்ததில்ல."

"சரிங்க" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று எழுதிவிட்டு மேலே போவார்கள். இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதில்லை. கேட்டாலும் பதில் வருவதற்குள் பட்டமே வாங்கிவிடலாம். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை. அவள் ஆம் என்றுதான் எழுதுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் ஒரு 'சின்ன யானை' சரக்கு வண்டி கொண்டுவந்து சாமான்களை ஏற்றினான். அவள் தன் ஆய்வுக் காகிதக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். வண்டி நாமக்கல் சாலையில் திரும்பியது.