ஏனுங்க, பால் பொங்குதுங்க!

விஜயகுமாரிக்கு மெதுவாகப் பேச வராது. அது அவள் குற்றமில்லை. சாமளாபுரத்தில் அவள் பிறந்த வீட்டில் பாதி தறிக்குடோன். படுக்கிற அறைக்கும் தறிகளுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். தறி ஓடும்போது அந்த வீட்டில் சோறு வேண்டுமென்றாலும் கத்த வேண்டும், வேண்டாமென்றாலும் கத்த வேண்டும். கரண்ட் போன பிறகும் பழக்கதோஷத்தில் எல்லோரும் அதே சத்தத்தில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் சண்டையை விலக்கிவிட ஓடிவந்து, தக்காளிச் சட்னி நன்றாக இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று அவள் அம்மா நஞ்சம்மாள், "கண்ணு, உன்னைய கையெடுத்துக் கும்பிடறேன், அவிய போற வரைக்கும் வாயத் தொறந்தராதே" என்று கேட்டுக்கொண்டாள். விஜயகுமாரியும் தலையை மட்டும் ஆட்டினாள். மாப்பிள்ளை வெள்ளையன் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்கிறவர். பெண் அடக்கமானவள், வீட்டிலாவது நிம்மதியாக இருக்கலாம் என்று உச்சி குளிர்ந்து போனார்.

கல்யாணமாகி செங்கரட்டுப்பாளையத்துக்கு வந்த மறுநாள் காலையில் அவள் அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, காப்பி வெச்சிருக்கறனுங்க!" என்று கூப்பிட்டாள்.

"எனக்கு வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சேன்!" என்று பதில் வந்தது, மூன்றாவது வீட்டிலிருந்து.

வெள்ளையனுக்கு அந்த அதிர்ச்சி தெளிய ஒரு வாரம் ஆனது. தெளிந்த பிறகு அந்தக் குரல் அவருக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால், காதில் விழுவதே நின்றுவிட்டது என்று அர்த்தம்.

விஜயகுமாரியும் சில வருஷம் வேறொரு பனியன் கம்பெனிக்குப் போனாள். ஓவர்லாக் மெஷினில் நல்ல கை. ஆனால் வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர் வருகிற நாளில் மட்டும் சூப்பர்வைசர் அவளிடம் வந்து, "அக்கா, இன்னிக்கு நீங்க லீவு எடுத்துக்குங்க, சம்பளம் போட்டுடறேன்" என்பார். ஒருமுறை அவள் பக்கத்து மெஷின்காரியிடம் நூல் கேட்டதற்கு, வந்திருந்த வெள்ளைக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாசலுக்கு ஓடிவிட்டாராம். ஆர்டர் குறைந்து கம்பெனியை மூடியபோது, அவள் பேரூராட்சியில் தூய்மைப் பணிக்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். கொஞ்ச நாளிலேயே குப்பை அள்ளும் பேட்டரி வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அந்த வண்டியில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அதில் முன்பின் தெரியாத ஒரு ஆண் குரல் செய்தி வாசிப்பதுபோல, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்து, குப்பையைத் தரம் பிரிப்பதன் அவசியத்தை விளக்கும். யாரும் கேட்டதில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் பென்டிரைவ் நனைந்து கெட்டுப்போனது. அதன்பின் வண்டி தெருத்தெருவாக, "அன்பார்ந்த... அன்பார்ந்த... அன்பார்ந்த..." என்று உருகிக்கொண்டே போனது. டீக்கடையில் நின்றவர்கள், "அக்கா, யாருக்குங்க தூது போறீங்க?" என்று கேட்டார்கள். விஜயகுமாரி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிக் குப்பை வாங்கினாள். விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது.

பேரூராட்சி அலுவலகத்தில் மைதிலி என்று ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சுறுசுறுப்பான பெண். "புதுசு வர்றதுக்கு எப்படியும் பொங்கல் ஆயிரும்க்கா. நீங்களே பேசுங்க, நான் போன்ல பதிவு பண்ணிப் போட்டுடறேன்" என்றாள்.

செயல் அலுவலர் இளங்கோவிடம் கேட்டார்கள். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "செய்யுங்க, செய்யுங்க" என்றார்.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிட்டிங் யூனிட் ஓயாமல் இரைந்துகொண்டிருந்ததால் அங்கே பதிவு செய்ய முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் மைதிலி விஜயகுமாரியின் வீட்டுக்கே வந்துவிட்டாள். விஜயகுமாரி குளித்து, பொட்டு வைத்து, போட்டோ எடுப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள். மைதிலி கையைக் காட்டியதும் ஆரம்பித்தாள்.

"அக்கா, அண்ணா, எல்லாரும் வாங்க! குப்பை வண்டி வந்திருச்சுங்க! மக்கற குப்பைய பச்சைக் கூடையில போடுங்க, மக்காததை நீலக் கூடையில போடுங்க! பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கொண்டுபோய் சாக்கடையில கொட்டாதீங்க சாமி, மழை வந்தா அது நம்ம ஊட்டுக்குள்ளதான் வந்து நிக்கும்!"

ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். "சூப்பர்க்கா!" என்று மைதிலி கட்டைவிரலைக் காட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். அலுவலகம் போனதும் அதை அப்படியே பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். கடைசிவரை கேட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை மாரியம்மன் கோயில் வீதியில் வண்டி நுழைந்தது. விஜயகுமாரி ஸ்பீக்கரைப் போட்டாள். தன் குரல் தெருவில் கணீரென்று போவதைக் கேட்கக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சாக்கடை வரை வந்தாயிற்று. முடிந்தது என்று நினைத்தாள். முடியவில்லை.

"ஏனுங்க! பால் பொங்குதுங்க! அந்தப் போனை அக்கட்ட வெச்சுட்டு எந்திரிச்சுப் போங்க!"

விஜயகுமாரி வண்டியை மின்கம்பத்தில் முட்டப் போனாள். நேற்று மைதிலி பதிவை நிறுத்தாமலே எழுந்த நேரத்தில், ஆட்டுச்சந்தை வீடியோ பார்த்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்த வெள்ளையனைப் பார்த்து அவள் போட்ட சத்தம் அது.

ஆனால் எழுந்தது வெள்ளையன் அல்ல. முதல் வீட்டில் ஒருவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குள் பாய்ந்தார். எதிர்வீட்டில் ஒருவர் கையில் போனோடு வாசலுக்கு வந்து திருதிருவென விழித்தார். மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நுரையோடு, "இதா போறேன், போறேன்!" என்றார். செங்கரட்டுப்பாளையத்தில் எந்தப் பெண்ணும் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லா வீட்டிலும் "ஏனுங்க"தான். வண்டி கூப்பிட்டது ஊரிலுள்ள அத்தனை புருஷன்மாரையும்.

பெண்கள் சிரித்துக்கொண்டே கூடைகளோடு வெளியே வந்தார்கள். சிரிப்பு தாங்காமல் ஒருத்தி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னொருக்கா போடு விஜயா, எங்கூட்டுக்காரர் இன்னும் எந்திரிக்கல!"

சேதி தெரிந்த மைதிலி பதறிப்போய் போன் செய்தாள். "அக்கா, மன்னிச்சுக்குங்க, இப்பவே மாத்திக் கொடுத்துடறேன்."

"வேண்டாங் கண்ணு" என்றாள் விஜயகுமாரி. "இன்னிக்கு ஒரு கதவைக்கூடத் தட்டல, தெரியுமா? வண்டி ரொம்பிருச்சு!"

அப்புறம் ஊரெல்லாம் அதே பேச்சாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வண்டியோடு சேர்ந்து கோரஸாகக் கத்தினார்கள். லைன் வீடுகளில் தங்கியிருந்த பீகார்ப் பையன்களுக்கு அர்த்தம் தெரியாது. குப்பை வண்டிக்குத் தமிழில் அதுதான் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். "பால்பொங்குது ஆ கயா!" என்று, வண்டி வந்துவிட்டதாக ஒருவன் இந்தியில் குரல் கொடுத்தால், மற்றவன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான். வெள்ளையன் டீக்கடைக்குப் போனால், "மாஸ்டர், பாலை இறக்கி வெச்சுட்டுத்தான் வந்தீங்களா?" என்று கேட்காத ஆளில்லை. முதல் இரண்டு நாள் முறைத்தார். பிறகு டீக்கடைக்குப் போகும்போது தலைவாரிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

எல்லோரும் சிரித்தாலும், ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கவுன்சிலர் மகுடேஸ்வரன். பேரூராட்சியின் மாண்பு தெருவில் சீரழிகிறது என்று அவர் கடிதம் கொடுத்துவிட்டார். மாதக் கூட்டத்தில் அதைப் பொருளாக வைத்தார்கள். சம்பந்தப்பட்ட பணியாளரும் வர வேண்டும் என்று விஜயகுமாரியிடம் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒப்பந்த வேலை. போ என்றால் போக வேண்டியதுதான்.

"நீங்க அன்னிக்கே எந்திரிச்சுப் போயிருந்தா இத்தனை வருமா?" என்று வெள்ளையனிடம் கேட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் குரல் தணிந்திருந்தது. வெள்ளையன் பயந்தே போனார். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினார்.

மன்றக் கூடத்தில் கவுன்சிலர்கள் காராச்சேவும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் பெண்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட வீட்டுக்காரர்கள் வழக்கம்போல வெளியே வராந்தாவில் பைக்குகள் மேல் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையனும் அங்கேயே ஒதுங்கினார். தலைவர் பொன்னாத்தாள் நடுநாற்காலியில் இருந்தார். இளங்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"திடக்கழிவு சேகரிப்பு வாகனத்தின் ஒலிபெருக்கியில் இடம்பெறும், பால் பொங்குதல் தொடர்பான வாசகத்தினைத் தொடர்வதா அல்லது நீக்குவதா என்பது மன்றத்தின் முடிவிற்கு."

ஒரு பெண் கவுன்சிலருக்கு டீ புரையேறியது.

மகுடேஸ்வரன் எழுந்தார். "தலைவரம்மா, இது சிரிக்கற விஷயமில்லீங்க. அரசாங்க வண்டியில ஊட்டு விவகாரம் பேசலாமுங்களா? ஒரு மட்டு மரியாதை வேண்டாமுங்களா?"

"அதுல மரியாதைக் குறைச்சலா என்னங்க இருக்குது?" என்றார் பொன்னாத்தாள். "ஏனுங்க, போங்கன்னு மரியாதையாத்தானே சொல்லுது?"

"அது இல்லீங்க, அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு..." என்று இழுத்த மகுடேஸ்வரன் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

பொன்னாத்தாள் விஜயகுமாரியின் பக்கம் திரும்பினார். "நான் அந்தப் பக்கமே குடியில்ல அம்மிணி, முழுசாக் கேட்டதில்லை. சித்தெ சொல்லிக் காட்டு, என்னதான் இருக்குதுன்னு பார்ப்போம்."

மைதிலி மைக்கைக் கொண்டுவந்து நீட்டினாள். அது கரகரவென்று இரைந்துவிட்டு அடங்கிப்போனது.  விஜயகுமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இத்தனை பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன்னைக் கேட்பது அவளுக்குப் புதிது. மென்று விழுங்கினாள். குப்பையையும் கூடையையும் எப்படியோ சொல்லி முடித்தாள். சாக்கடை வரைக்கும் வந்ததும் வராந்தா ஜன்னல் கண்ணில் பட்டது. அங்கே வெள்ளையன் பைக்கில் சாய்ந்தபடி, உள்ளே பெண்டாட்டியின் வேலை போகிறதா இருக்கிறதா என்ற கவலையே இல்லாமல், போனில் ஆட்டுச்சந்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயகுமாரிக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"ஏனுங்க!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வராந்தாவில் சாய்ந்திருந்த அத்தனை வீட்டுக்காரர்களும் நிமிர்ந்தார்கள். "என்னம்மிணி, கூப்டியா?" "இதா வந்துட்டேன்!" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே ஆண் கவுன்சிலர்கள் பாதி எழுந்து, பாதியில் நினைவு வந்து, உட்கார்வதா நிற்பதா என்று தெரியாமல் அந்தரத்தில் குனிந்திருந்தார்கள். இளங்கோவின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. முழுசாக எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டவர் மகுடேஸ்வரன் ஒருவர்தான்.

 பிறகு பொன்னாத்தாள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பெண் கவுன்சிலர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். வாசலில் நின்ற புருஷன்மார் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். விஜயகுமாரி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வழிய, அடக்க முடியாமல் அவளும் சிரித்துவிட்டாள்.

மகுடேஸ்வரன் கதவோரம் நின்று கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் அவர் உதடும் துடித்தது.

"இதைத்தானுங்க சொல்ல வந்தேன்" என்றார். "தெனமும் இப்படித்தானுங்க ஓடறேன். எங்கூட்ல பாலே வாங்கறதில்லைங்க, கருப்பட்டிக் காப்பிதான். அப்படியும் ஓடறேன்!"

அன்றைக்குக் கூட்டத்தை நடத்தி முடிப்பதற்குள் இளங்கோ திணறிப்போனார். பால் வாசகம் தொடரலாம் என்று எல்லோரும் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மகுடேஸ்வரனே அதை வழிமொழிந்தார். கூடவே பீகார்ப் பையன்களுக்காக இந்தியிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். விஜயகுமாரி வெளியே வந்ததும் வெள்ளையன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், ஒண்ணும் ஆகாதுன்னு" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

தை மாதப் பனியில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இரண்டு நாள் லீவு போட்டாள். வண்டியைக் கூட வேலை பார்க்கும் வேலாத்தாள் ஓட்டினாள். காலையில் விஜயகுமாரி முட்டைக்கோசு அரிந்துகொண்டிருந்தபோது தெருமுனையில் குரல் கேட்டது. "அக்கா, அண்ணா, எல்லாரும் வாங்க! குப்பை வண்டி வந்திருச்சுங்க!"

யாரோ நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. கத்தியைக் கீழே போட்டாள். கையில் கிடைத்ததை இரண்டு கூடையிலும் அள்ளிப் போட்டுக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். "இதா வந்துட்டனுங்க!" என்று பதில் சொல்லப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

வேலாத்தாள் வண்டியை நிறுத்தி, கூடைகளை வாங்கி எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனக்கா, ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, நீலக் கூடையில கோசு எலையக் கொட்டி வெச்சிருக்கறீங்களே, நாயமா?"