பேச வேண்டாத ஒரு நிமிடம்

வருகைப் பதிவின்போது ‘உள்ளேன்’ என்ற ஒரு சொல் வாயில் வராததால் எத்தனையோ நாள் ஆப்சென்ட் ஆனவள், அதே பள்ளியில் முதல் மார்க் வாங்கினாள். அப்பா படுத்த படுக்கையான வருடம் மாலைக் கல்லூரியில் சேர்ந்து, அவரைக் கழுவித் துடைத்துவிட்டு ஓடிப் போய்ப் படித்துப் பட்டம் வாங்கினாள். “திக்குவாய்க்கு எவன் போன்ல பேசுற வேலை குடுப்பான்?” என்று சித்தப்பா சிரித்தார். ஓர் ஆய்வு நிறுவனத்தில், போனில் ஜனங்களிடம் கேள்வி கேட்கிற அந்த வேலையையே வாங்கினாள். மற்றவர்கள் கேள்வி கேட்டால் பாதியில் போனை வைத்துவிடுகிறவர்கள், இவளுக்குச் சொல் வரும்வரை பொறுத்திருந்து பதில் சொன்னார்கள். இப்போது அந்த ஆய்வு நிறுவனத்தில் அவளுக்கென்று ஒரு மேசை இருக்கிறது. என் தங்கை.

வீட்டில் அவள் வேலை செய்யும் இடம் துணி துவைக்கும் மூலை. வாளி நிறையத் தண்ணீர் பிடித்து இடது கையில் தூக்கிக்கொள்வாள். வலது கைக் கட்டைவிரலால் கைபேசியைத் தட்டுவாள். தண்ணீர் சிந்தினால் உதட்டைப் பிதுக்குவாள். “சரிப்படாதுக்கா. ஒரு ஆளைத் தாங்கிப் பிடிச்சிட்டு இருக்கவங்களால இத்தனை எடத்துல தட்ட முடியாது.” வாளியை இறக்கிவைத்து, ஒரு தட்டலைக் குறைத்துவிட்டு, மறுபடி தூக்குவாள்.

அவள் வேலை இதுதான். ஒரு கம்பெனிக்கு, ஜனங்கள் வீட்டில் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியவேண்டும். வீடு வீடாகப் போய் உட்கார முடியாது. அதனால் சம்மதித்தவர்களின் கைபேசிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன வேலை போகும். இதைப் படம் பிடியுங்கள், அதைக் குரலில் சொல்லுங்கள் என்று. என்றைக்கு எதைக் கேட்பது, எந்தச் சொல்லில் கேட்பது என்று வகுப்பவள் இவள். அலுவலகத்தில் அதை டாஸ்க் என்கிறார்கள். நான் வைத்த பெயர் வீட்டுப்பாடம்.

எல்லா வீட்டுப்பாடமும் முதலில் எனக்குத்தான் வரும். “உனக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும்க்கா.”

“மக்குன்னு நேராவே சொல்லிட்டுப் போ.”

“மக்குன்னா விட்டுருப்பேனே. நீ நொட்டை சொல்ற ஆளு. அதான் வேணும்.”

என்னிடம் பேசும்போது அவளுக்கு அவ்வளவாகத் திக்காது. திட்டும்போது சுத்தமாகத் திக்காது.

முதல் நாள் வேலை ஒன்றுமில்லாததாக இருக்கவேண்டும் என்பாள். வாசலில் கிடக்கும் செருப்பைப் படம் பிடி என்பதுபோல. கை பழகும், கூச்சம் போகும். கனமானதை நடுவில் வைப்பாள். ‘ஏன்’ என்ற சொல்லைக் கண்டால் அடித்துவிடுவாள். “ஏன்னு கேட்டா ஆளு நிமிந்து உக்காந்துருவாங்க. காட்டுங்கன்னு சொன்னா காட்டிருவாங்க.” ஒரு வரியைச் சுருக்கப் பாதிப் பகல் உட்கார்ந்திருப்பாள். சொல்லைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சின்ன வயதிலேயே கற்றவள்.

போன வருடம் முதல்முறையாக ஒரு முழு ஆய்வை அவள் பொறுப்பில் விட்டார்கள். படுக்கையில் இருப்பவர்கள் ஆளைக் கூப்பிட அழுத்தும் மணியைச் செய்கிற கம்பெனி அது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் வீடுகள். அப்பாவைப் பார்த்த கையல்லவா, வாரக்கணக்கில் அதே நினைப்பாக இருந்தாள். முதல் நாள் வேலையாகச் செருப்புக்குப் பதில் இப்படி எழுதினாள்: ‘மாலையில் உங்கள் வீட்டின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். நீங்கள் பேச வேண்டாம்.’ கடைசி நாளும் அதே வேலை. இடையில் காது எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க.

பங்கெடுத்தவர்களில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். அவருடைய முதல் நிமிடத்தைப் பற்றி வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஓட்டுநர் சத்தமில்லாமல் போனைப் பிடித்திருக்கிறார். படுக்கையிலிருந்து மனைவியின் குரல்: “அங்க என்ன மரமாட்டம் நிக்கிறீங்க? வந்து என்னைத் திருப்பிப் போடுங்க.”

“இரும்மா. பேசக்கூடாதாம்.”

“யாரு சொன்னா?”

“போனு.”

“அப்ப அந்தப் போனையே திருப்பிப் போடச் சொல்லுங்க.”

நடுவில் அவரிடமிருந்து பதில் வராமல் போனது. பிறகு ஒரு செய்தி வந்தது. ‘வீட்டுல அவங்க போயிட்டாங்க. மன்னிக்கணும். ரெண்டு டாஸ்க் பாக்கி இருக்கு.’

அவருக்குப் போகவேண்டிய வேலைகளை எல்லாம் என் தங்கை உடனே நிறுத்தினாள். ஒன்றைத் தவிர. கடைசி நாள் வேலை முதல் நாளுடையதன் நகல். அதனால் வேலைகளை நாள் பார்த்து அனுப்பும் இயந்திரத்தில் அது வேறோர் இடத்தில் இருந்தது. அது அவள் நினைவுக்கு வரவில்லை. நாள் வந்ததும் தானாகப் போய்விட்டது.

அவர் செய்து அனுப்பிவிட்டார்.

மின்விசிறி ஓடுகிறது. எங்கோ குழாய் சொட்டுகிறது. நாற்காலி ஒருமுறை முனகுகிறது. பாதியில் தொண்டையைச் செரும ஆரம்பித்து, சட்டென்று அடக்கிக்கொள்கிறார். பேச வேண்டாம் என்று எழுதியவள் இவள்தான். அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனிக்காரர்களுக்கு அந்த இரண்டு நிமிடங்களும் பிடித்துவிட்டன. நிறைவுக் கூட்டத்தில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டவேண்டும் என்றார்கள். மேலாளரிடம் இவள் முடியாது என்றாள்.

“ஆரம்பத்துலயே அனுமதி குடுத்திருக்காரேம்மா.”

“அ... அது அவங்க இருக்கும்போது கு... குடுத்தது மேடம்.”

மேலாளர் கல் நெஞ்சுக்காரி இல்லை. “சரி, மறுபடி கேளு. சரின்னா போடுவோம். ஆனா ஒண்ணு, இந்தக் கம்பெனி கோவிச்சுட்டுப் போனா அடுத்த ஆய்வை உன் கையில குடுக்க என்னால முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கேள்வியை எழுதி என் கைபேசிக்கு அனுப்பினாள். மரியாதையாக, சுருக்கமாக இருந்தது. அடியில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். நொட்டை சொல்ல எதுவும் இல்லை.

“நல்லாதானேடி இருக்கு. அனுப்பு.”

“அனுப்பினா அவர் ஆம்னுதான் அமுக்குவாரு.”

“அப்ப உனக்கு நல்லதுதானே?”

“நாம எதைக் கேட்டாலும் செய்யிற மனுசன்க்கா. பொண்டாட்டி போன வீட்டுல நின்னுட்டு செருமாம இருந்தவரு. அவருகிட்ட இன்னொண்ணு கேக்கச் சொல்றியா?”

அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, இரண்டாம் நிமிடத்தை எங்கெங்கே வைத்திருந்தார்களோ அங்கெல்லாம் தேடி அழித்தாள். அடுத்த ஆய்வு அவள் கைக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு வாளி தூக்குவது வேறொருவர் நடத்தும் ஆய்வுக்கு.

பிறகு ஓட்டுநருக்கு எழுதினாள். எழுதிய பின் என்னிடம் படித்துக் காட்டினாள். திக்கித் திக்கி, இடையில் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

‘ஐயா, கடைசியாக வந்த வேலை உங்களுக்கு வந்திருக்கக்கூடாது. அதை நிறுத்த மறந்தது நான். நீங்கள் அனுப்பியதை நான் மட்டுமல்ல, சிலர் கேட்டுவிட்டார்கள். இனி யாரும் கேட்க முடியாதபடி அழித்துவிட்டேன். முதல் நாள் பதிவை இதோடு அனுப்பியிருக்கிறேன். அதில் அம்மாவின் குரல் இருக்கிறது. தோன்றும்போது கேளுங்கள். கேட்காமலும் இருக்கலாம். உங்கள் பக்கம் எதுவும் பாக்கி இல்லை.’

நிறுவனத்திலிருந்து போகும் எந்தச் செய்தியிலும் ஆள் பெயர் இருக்காது. ‘ஆய்வுக் குழு’ என்று இயந்திரமே அடியில் போட்டுவிடும். தப்பாகப் போனாலும் சரியாகப் போனாலும் அந்த இரண்டு சொல்தான். இத்தனை வருடமாக எத்தனையோ வீடுகளுக்கு எழுதியவளின் பெயர் ஒரு வீட்டுக்கும் தெரியாது.

அந்த இரண்டு சொல்லையும் எழுத்தெழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் தன் பெயரை எழுதி, அனுப்பினாள்.