அப்பாவின் உயரம் எவ்வளவு?

போன வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் என்னைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து அளந்தார்கள். ஷூவைக் கழற்றச் சொல்லி, ஜெல் போட்டுத் தூக்கி வாரியிருந்த முடியையும் அமுக்கி...

வைத்தியம் என் மகளுக்கு. மானம் போனது எனக்கு.

யாழினிக்கு ஏழு வயது. முதலாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பிலேயே அவள்தான் நெட்டை. பள்ளிப் படத்தில் பின்வரிசை. நானோ படித்த காலமெல்லாம் — அதிக காலமில்லை, மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்குச் சலாம் போட்டுவிட்டேன் — முன்வரிசையில் டீச்சர் காலடியில் உட்கார்ந்தவன். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மகள் என்றால் சும்மா இருப்பேனா? ஜுருவில் நான் கார் ரிப்பேர் பார்க்கும் காடிப் பட்டறைக்கு வருகிற கஸ்டமரிடமெல்லாம் போட்டோவைக் காட்டினேன். பிரேக் பார்க்க வந்தவர்கள் பாவம், என் மகளையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் அக்கா சரசு இன்னும் ஒரு படி மேலே.

"பாத்தியா தம்பி, நம்ம வம்சம் லா! இப்படியே போனா சீக்கிரமே மண்டபம் புக் பண்ணிடலாம். சடங்குக்குப் பட்டுப்புடவை நான்தான் எடுப்பேன், சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். என் மனைவி கவிதா மட்டும் சிரிக்கவில்லை.

நம் வீடுகளில் யாராவது பள்ளிச் சீருடையை அளவாக வாங்கியிருக்கிறோமா? வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவோம். ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்போம். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரிப்போம். யாழினியின் நீல பினாஃபோரும் அப்படித்தான்... மூன்றாம் ஆண்டு வரைக்கும் வரும் என்று கணக்குப் போட்டு மடித்தது. பள்ளி திறந்து பாதி வருஷம்கூட ஆகவில்லை. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கவிதா கடைசி மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதுக்கு மேல பிரிக்கத் துணியே இல்ல."

"நல்ல விஷயம்தானே? புதுசு வாங்கிடுவோம்."

"அது மட்டுமில்ல. ஸ்கூல் விட்டு வந்தா பெரியாளுங்க மாதிரி வேர்வை நாத்தம். நெத்தியில பரு வேற."

"நாத்தம் உங்க வீட்டுப் பக்கம். உயரம் எங்க வீட்டுப் பக்கம்."

வழக்கமாக இதற்குக் கையில் இருப்பது பறந்து வரும். வரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"எங்க ஃபேக்டரி நர்ஸ்கிட்ட கேட்டேன். பொம்பளப் பிள்ளைக்கு எட்டு வயசுக்கு முன்னாடி இந்த மாதிரி மாத்தம் வந்தா டாக்டர்கிட்ட காட்டணுமாம். இவ ரெண்டாம் ஆண்டுலயே பெரிய பிள்ளையாயிட்டா என்னங்க செய்வா? ஸ்கூல் டாய்லட்ல தனியா நின்னு அழுவாளா?"

என் வாயை அடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அந்த வாயால் கிளினிக்குக்குப் போன் போட்டு நாள் கேட்டேன்.

அப்படித்தான் கிளினிக் போனோம். பிள்ளைகளின் வளர்ச்சி, ஹார்மோன் எல்லாம் பார்க்கிற தமிழ் டாக்டரம்மா. யாழினியை அளந்தார், நிறுத்தார், வாயைத் திறந்து பல்லைக்கூடப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்பா அம்மா உயரத்தை வச்சுத்தான் பாப்பா போற ரோடு சரியா, தப்பான்னு பாப்போம். அம்மா எவ்ளோ?"

"நூத்தி அம்பத்திரெண்டு, டாக்டர்."

"அப்பா?"

"நூத்தி எழுபது!" என்றேன். மிலிட்டரிக்காரன் மாதிரி.

டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டினார். "அப்படின்னா அப்பா மாதிரி வர்றாங்க போல. கொஞ்ச நாள் வெயிட் பண்ணிப் பாக்கலாம்..."

"டாக்டர்," என்றாள் கவிதா. "அது கல்யாண பயோடேட்டா உயரம்."

டாக்டரின் விரல் நின்றது.

"இவரு அக்கா எழுதிக் குடுத்தது. பொண்ணு பாக்க வந்தப்போ கடைசி வரைக்கும் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே இல்ல, டாக்டர். கால் வலின்னு நெனச்சேன்."

பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். "அண்ணே, இப்படி வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டபோதே பாதி குறுகிவிட்டேன். மீதியை என் மகள் பார்த்துக்கொண்டாள்.

"நர்ஸ் அக்கா! அப்பா குதிகாலைத் தூக்குறாரு!"

நூற்று அறுபத்திரண்டு. எட்டு சென்டிமீட்டர் அவுட்.

எல்லோரும் சிரித்து முடித்தபின் டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: "நல்ல வேளை, சொன்னீங்க. உங்க ரெண்டு பேர் உயரத்துக்குப் பாப்பா ரொம்ப வேகமா போறாங்க. இப்படிச் சீக்கிரம் வளர்ற சில பிள்ளைங்க சீக்கிரமே நின்னுடுவாங்க. எலும்பு முத்திட்டா அதுக்கு மேல வளர்த்தி கிடையாது. இப்ப பின்வரிசையில நிக்கிற பிள்ளைய, நாளைக்கு எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க."

முதல் கியரிலேயே கத்துகிற இன்ஜினை 'என்னா பிக்கப்!' என்று பாராட்டிக்கொண்டிருந்தேனே... பட்டறையில் இருந்துகொண்டு!

இடது கைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பின் வயது அதில் தெரியுமாம். ரத்தமும் எடுத்தார்கள். ஊசி போனபோது யாழினி அழவில்லை. கவிதா அழுதாள். ரிசல்ட் வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. அது எவ்வளவு பெரிய வியாதி என்று எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முந்தாநாள் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் மறுபடி போனோம்.

"எலும்பு வயசு கொஞ்சம் முன்னாடி இருக்கு. ஆனா பெரிய பிள்ளையாகறதுக்கான ஹார்மோன் இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கு. கிட்னிக்கு மேல ஒரு சின்னச் சுரப்பி இருக்கு, அதுதான் அவசரப்பட்டு எழுந்திருச்சிடுச்சு. வேர்வை வாடை, பரு எல்லாம் அதோட வேலை. இப்போதைக்கு மருந்து, ஊசி எதுவும் வேணாம்."

"அப்ப பயமில்லையா டாக்டர்?" என்றாள் கவிதா.

"பயம் வேணாம். கவனம் வேணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, அளப்போம். நடுவுல மார்பு வளர்ற மாதிரி தெரிஞ்சா மட்டும் மூணு மாசம் காத்திருக்காதீங்க, உடனே வாங்க. இனிப்புத் தண்ணியக் குறைங்க. நேரத்தோட தூங்க வைங்க."

கவிதா மூச்சு விட்டது வெளியே வராந்தா வரை கேட்டிருக்கும்.

யோசித்துப் பார்த்தால்... வளராத பிள்ளைதான் நமக்குக் கவலை. வளர்கிற பிள்ளை பெருமை. பெருமையை யாராவது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்களா? கண்ணு பட்டுவிடும் என்று திருஷ்டி சுற்றிப் போடுவோம், அத்தோடு சரி. காடிக்கு அடுத்த சர்வீஸ் எப்போது என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் நான். பிள்ளையை வருஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காக அளந்து பார்த்தேனா? அளந்தது கவிதா. அதுவும் பினாஃபோரை வைத்து.

தீவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது ஃபெர்ரியில் வந்தோம். நல்ல காற்று. சின்னக் குழந்தைபோல கவிதா ஐஸ்கிரீம் கேட்டாள். இனிப்பு கூடாதே என்று நான் டாக்டராகி, அடி வாங்கினேன். அப்போதுதான் யாழினியைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி, அரைகுறையாக உட்கார்ந்த மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி, கால் வலிக்குதா?"

"இல்லப்பா. குட்டையா நிக்கிறேன்."

"ஏன்?"

"நான் வளர்ந்தா அம்மா அழுவுறாங்க."

கவிதா கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் பேச்சையெல்லாம் இந்தப் பிள்ளை எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததோ! சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போன எங்களில் ஒருவராவது அவளிடம் எதற்கென்று சொன்னோமா?

பக்கத்தில் குந்தினேன். "நிமிந்து நில்லுடா கண்ணு. நீ வளர்றது தப்பே இல்ல. அம்மா பயந்துதான் அழுதாங்க. டாக்டர் பாத்துட்டாங்க, இப்ப பயம் போயிடுச்சு. நீ நல்லா வளரு. அவசரம் மட்டும் வேணாம் லா."

"ஏன் அவசரம் வேணாம்?"

"அப்பா உன்ன இன்னும் கொஞ்ச நாள் தூக்க வேணாமா?"

யோசித்தாள். முட்டி மெல்ல நிமிர்ந்தது. இரண்டு கையையும் நீட்டினாள்.

"சரி, தூக்கு."

தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது... இறக்கிவிடத்தான் மனசு வரவில்லை.